ஒலியொப்புமையும் சொல்வழியும்: ஆங்கிலத்தில் அருகி வழங்கும் தமிழ்ச்சொற்கள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் வழங்கும் தமிழ்ச்சொற்களைத் தொகுத்துரைக்கும் முயற்சிகள் பெரும்பாலும் ஒலியொப்புமையையே சான்றாகக் கொள்கின்றன. அதனால் தமிழுக்கு உரியனவல்லாத பொதுச்சொற்கள் தமிழினவாகக் காட்டப்படுகின்றன. உண்மையிலேயே தமிழிலிருந்து சென்ற அருஞ்சொற்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. யூல், பர்னல் ஆகியோரின் ‘ஹாப்சன்–ஜாப்சன்’ சொற்களஞ்சியம் தரும் சான்றுகளை முதன்மையாகக் கொண்டு, இவ்விருவகைச் சொற்களையும் பிரித்தறிவதற்கான அளவுகோல் ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது. காலத்தால் பின்னோக்கிச் செல்லுந்தோறும் ஒரு சொல்வடிவம் தமிழை நெருங்குகிறதா, தமிழைவிட்டு விலகுகிறதா என்பதே அவ்வளவுகோல்.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், கடன்சொல், ஒலியொப்புமை, ஹாப்சன்–ஜாப்சன், பொருள் மாற்றம், கணக்கப்பிள்ளை, காசு

1. முன்னுரை

‘எட்டு’ என்பதிலிருந்து ‘எய்ட்’, ‘ஒன்று’ என்பதிலிருந்து ‘ஒன்’, ‘கரை’ என்பதிலிருந்து ‘க்ரை’, ‘காசு’ என்பதிலிருந்து ‘கேஷ்’ என நீளும் பட்டியல்களைத் தமிழ் கற்போர் அறிவர். மேடைப் பேச்சிலும் இதழ்க் கட்டுரையிலும் அவை வழங்கிய காலத்தில் அவற்றை ஆர்வத்தின் வெளிப்பாடு என்று கொண்டு கடந்துவிட இயன்றது. ஆய்வேடுகளிலும் வகுப்பறைக் குறிப்புகளிலும் அவை மேற்கோள் தகுதி பெறும்போது நிலைமை வேறாகிறது. பிறமொழி அறிஞர் ஒருவர் அப்பட்டியலின் முதல் நான்கு சொற்களைச் சரிபார்த்துப் பிழையென்று கண்டால், ஐந்தாவதாக நிற்கும் மெய்யான சொல்லையும் நம்பமாட்டார். மிகையாகச் சொல்லப்பட்ட உரிமை, உள்ள உரிமையையும் ஐயத்துக்குள்ளாக்குகிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பேரகராதிகளின் பக்கங்களில், இன்றைய ஆங்கிலேயர் பலரும் அறியாத ‘கானிகோபொலி’, ‘அனிகட்’, ‘டோப்’, ‘டயர்’ போன்ற சொற்கள் பதிவாகியுள்ளன. இவற்றின் தமிழ்ப் பிறப்பு ஆண்டும் இடமும் குறித்த ஆவணங்களால் நிறுவத்தக்கது. எனினும் பரவலாக வழங்கும் பட்டியல்களில் இவை அரிதாகவே இடம்பெறுகின்றன. பழக்கமான சொற்களைத் தமிழாக்கிக் காட்டுவதில் உள்ள வியப்பு, பழக்கமற்ற சொற்களை விளக்குவதில் இல்லாமை அதற்குக் காரணமாகலாம். இவ்விரு போக்குகளையும் ஒருங்கே மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. மூலநூலும் அதன் இயல்பும்

ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல் ஆகிய இருவரும் தொகுத்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ 1886-இல் இலண்டனில் வெளிவந்தது. வில்லியம் குரூக் பதிப்பித்த இரண்டாம் பதிப்பு 1903-இல் வந்தது. யூல் வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றியவர். மார்க்கோ போலோவின் பயணநூலை ஆங்கிலத்தில் தந்தவர். பர்னல் சென்னை மாகாண ஆட்சிப்பணியாளர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய எழுத்தியல் குறித்த அவரது நூலும், தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அவர் செய்த அட்டவணையும் அறிஞர் நன்கறிந்தவை. அவர் 1882-இல் மறைந்தார். தம் உழைப்பின் அச்சுவடிவை அவர் காணவில்லை.

நூலின் பெயரே சொல்திரிபுக்கு எடுத்துக்காட்டு. முகரம் நாளில் ஹசன், ஹுசைன் பெயர்களைச் சொல்லி எழுப்பும் புலம்பலை ஆங்கிலச் சிப்பாய்கள் தம் நாட்டுப் பெயர்களான ஹாப்சன், ஜாப்சன் எனக் கேட்டனர். கேட்பவரின் மொழி, கேட்கப்படும் ஒலியைத் தனக்குப் பழகிய வடிவத்தில் வார்த்துக்கொள்ளும் என்பதை அப்பெயர் முதலிலேயே உணர்த்திவிடுகிறது.

இந்நூலின் வலிமை அதன் விளக்கங்களைவிட மேற்கோள்களில் உள்ளது. ஒவ்வொரு சொல்லின்கீழும் அச்சொல் ஆளப்பட்ட இடங்கள் ஆண்டுவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. போர்த்துக்கீசியர், இத்தாலியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எழுதிய கடிதங்களும் பயணக்குறிப்புகளும் கோட்டைப் பதிவேடுகளும் அங்கே சான்றாகின்றன. ஆகவே தொகுப்பாசிரியரின் கருத்தை ஏற்காதவரும் அவர் தரும் சான்றைப் பயன்கொள்ள இயலும். குறையும் உண்டு. ஆட்சியாளர் செவியில் விழுந்த சொற்களின் தொகுப்பு இது. சொல்லை வழங்கிய மக்களின் வாழ்வில் அச்சொல்லுக்கிருந்த இடத்தை இதில் முழுமையாகக் காண இயலாது. அவ்விடத்தை நிரப்புவது தமிழ் ஆய்வாளரின் கடமை.

3. பின்னோக்கிச் சென்றால் நெருங்கும் சொற்கள்

3.1 கானிகோபொலி

கணக்கர், எழுத்தர் என்னும் பொருளில் ஆங்கிலேயர் எழுதிய ‘கானிகோபொலி’ என்னும் சொல்லை இன்று காண்பவர் அதில் தமிழை உடனே இனங்காண மாட்டார். கிரேக்கச் சொல்லோ என்று மயங்கவும் கூடும். ஆனால் சான்றுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் நிலைமை தெளிகிறது. 1680-ஆம் ஆண்டுப் புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவேட்டில் ‘கான்கொப்ளி’ என்னும் வடிவம் காணப்படுகிறது. ஆளுநர் தம் பரிவாரத்துடன் சென்னை நிலத்தின் எல்லையைச் சுற்றிவந்தபோது, அந்நில எல்லைகளை எடுத்துரைத்தவர் அக்கணக்கர். அதற்கும் முன்னர், முத்துக்குளித்துறையில் பணிசெய்த பிரான்சிஸ் சவேரியாரின் 1544-ஆம் ஆண்டுக் கடிதத்தின் இலத்தீன் வடிவில், எழுதத் தெரிந்த ‘கனக்கபுலா’ ஒருவரை உடன் அழைத்துச் செல்லுமாறு குறிப்பு வருகிறது. ‘கானிகோபொலி’, ‘கான்கொப்ளி’, ‘கனக்கபுலா’ எனப் பின்செல்லுந்தோறும் வடிவம் ‘கணக்கப்பிள்ளை’யை நெருங்குவது கண்கூடு.

இச்சொல் ஒரு பணியமைப்பின் சான்றும் ஆகும். சவேரியார் காலக் கடற்கரை ஊர்களில் கணக்கப்பிள்ளை என்பவர் கோயிற்பணியும் மறைக்கல்வியும் சார்ந்தவர். சென்னைக் கோட்டையில் அவரே நிலவெல்லை அறிந்த அலுவலர். புதிதாக வந்தோர் நிலத்தையும் மக்களையும் அறிந்துகொள்ள எழுத்தறிந்த தமிழர் ஒருவரை நம்பியிருந்தனர் என்பதை அச்சொல்லின் பரவலே காட்டுகிறது.

3.2 அனிகட்

‘அணைக்கட்டு’ என்பதன் ஆங்கில வடிவமான ‘அனிகட்’, 1776-இல் சென்னை ஆட்சிக்குழு தஞ்சையிலிருந்த படைத்தலைவருக்கு எழுதிய கடிதத்தில் காணப்படுகிறது. கரைப் பழுதுபார்ப்பைக் காணத் தஞ்சை மன்னர் அணைக்கட்டுக்குச் செல்ல விரும்பினால் தடையில்லை என்பது அதன் செய்தி. தன் முன்னோர் காத்துவந்த அணையைக் காண மன்னர் வணிகக் குழுமத்தின் இசைவைப் பெறவேண்டியிருந்த காலம் அது. ஒரு சொல் எந்த ஆட்சிச் சூழலில் கைமாறியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

கல்லணை ‘பேரணைக்கட்டு’ என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் பெற்றது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய மேலணை, கீழணை ஆகியவற்றுக்கும் அச்சொல்லே வழங்கியது. பின்னர் அவர் கோதாவரியில் தௌலேசுவரத்தில் கட்டி 1852-இல் முடிவுற்ற அணையும் ‘அனிகட்’ எனப்பட்டது. இன்று இராசத்தான் சிற்றணைகளும் இலங்கைப் பாசனத் தடுப்பணைகளும் அவ்வாறே சுட்டப்படுகின்றன. ஆங்கிலம் இங்கே ஒரு பொருளின் பெயரோடு ஒரு தொழில்நுட்பத்தையும் காவிரிப் படுகையிலிருந்து பெற்றுக்கொண்டது.

3.3 மல்லிகட்டானி, செரூட்

‘மல்லிகட்டானி’ என்னும் சாற்றின் பெயர் ‘மிளகுதண்ணீர்’ என்பதிலிருந்து வந்தது. ‘ஹாப்சன்–ஜாப்சன்’ தரும் 1784-ஆம் ஆண்டுச் சான்று, ஐதர் அலியின் படையிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடற்படையினர் ஒருவர் இயற்றிய பாட்டு. பெங்களூர்ச் சிறையில் தமக்குக் கிடைக்கும் உணவு மிளகுதண்ணீரும் கஞ்சியுமே என அவர் நொந்துகொள்கிறார். பின்னாளில் விருந்து மேசையில் இடம்பெற்ற உணவின் பெயர், சிறையுணவாகப் பதிவாகியிருப்பது கவனத்துக்குரியது. அச்சான்றிலுள்ள வடிவம் ‘முல்லகீ–டானி’. இன்றைய வடிவத்தைவிட அதில் ‘மிளகு’ தெளிவாகத் தெரிகிறது.

இச்சொல்லின் இறுதியில் ரகரமெய் இல்லை என்பதும் குறிக்கத்தக்கது. எழுத்துவழக்கின் ‘தண்ணீர்’ சென்றிருப்பின் அதன் சுவடு எஞ்சியிருக்கக் கூடும். சென்றது பேச்சுவழக்கின் ‘தண்ணி’ என்பதை வடிவமே காட்டுகிறது. அது ஆங்கிலத்தில் பழுப்புநிறத்தைக் குறிக்கும் ‘டானி’ என்னும் சொல்லின் எழுத்துருவைப் பெற்றுவிட்டது. சென்னை மாகாண அலுவலருக்கு ‘மல்’ என்னும் கேலிப்பெயர் வழங்கியதும் இவ்வுணவால்தான்.

‘சுருட்டு’ என்பதிலிருந்து வந்த ‘செரூட்’ இருமுனையும் வெட்டிய சுருட்டைக் குறிக்கும். ‘ஷரூட்டோ’ என்னும் போர்த்துக்கீசிய வடிவம் இடைநின்றிருக்கலாம் என அகராதியாளர் கருதுவர். சுருள், சுருட்டு, சுருக்கு எனத் தமிழில் வேரும் கிளையும் உள்ள சொல் அது. ஆங்கிலத்திலோ உறவின்றித் தனித்து நிற்கிறது. ஒரு மொழியில் சொற்குடும்பம் இருக்க, மற்றொன்றில் அச்சொல் தனித்திருப்பது கடன்வாங்கலின் திசையைக் காட்டும் துணைச்சான்றாகும்.

3.4 கொரண்டம்

வைரத்துக்கு அடுத்த கடினமுடையதும், மோஸ் அளவில் 9 என்னும் இடம்பெற்றதுமான கனிமம் ‘கொரண்டம்’. மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. 1798-இல் சார்லஸ் கிரெவில் இலண்டன் இராயல் கழக இதழில் ஆசியாவிலிருந்து பெற்ற இக்கல் குறித்துக் கட்டுரை எழுதினார். ஆங்கில வடிவத்துக்கு மூலம் ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச்சொல் என அகராதிகள் குறிக்கின்றன. தமிழில் ‘குருவிந்தம்’ என்னும் வடிவமும் உண்டு. வடமொழியில் ‘குருவிந்த’ உண்டு. ஆங்கிலத்துக்குச் சொல்லைத் தந்த மொழி எது என்பது ஒரு கேள்வி. அச்சொல்லின் முதல் வேர் எது என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குக் கிடைத்த விடையைப் பின்னதற்கும் உரியதாகக் கொள்வது ஆய்வுநெறியாகாது.

4. ஓர் உரு, பல சொல்

4.1 டோப்

‘தோப்பு’ என்பது ‘டோப்’ என ஆங்கிலத்தில் வழங்கியது. வடஇந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயரும் மாந்தோப்பை இச்சொல்லாலேயே சுட்டினர். அங்குள்ள மக்களுக்கோ அச்சொல் தெரியாது என ‘ஹாப்சன்–ஜாப்சன்’ குறிக்கிறது. தென்னாட்டுச் சொல்லை ஆங்கிலேயரே வடக்கே கொண்டுசென்றனர்.

ஆங்கிலத்தில் இதே எழுத்தும் ஒலியும் கொண்ட வேறு சொற்களும் உள்ளன. பௌத்தத் தூபியைக் குறிக்கும் ‘டோப்’, வடமொழி ‘ஸ்தூப’ என்பதன் பிராகிருத வழித்திரிபு. ஒருவகைச் சிறு சுறாவைக் குறிக்கும் ‘டோப்’ இந்தியத் தொடர்பற்றது. மிகுதியாக மது அருந்துவதைக் குறிக்கும் வினைச்சொல்லும் அவ்வாறே. ஒரே உருவில் நான்கு பிறப்புகள் ஒன்றுகூடியிருக்கின்றன. ஒரு மொழிக்குள்ளேயே முழுதொத்த ஒலி உறவைக் காட்டாதபோது, இரு மொழிகளுக்கிடையே காணும் அரைகுறை ஒப்புமை உறவைக் காட்டும் எனல் பொருந்தாது.

4.2 டயர்

‘தயிர்’ என்பதைத் தென்னிந்திய ஆங்கிலேயர் ‘டயர்’ என எழுதினர். வண்டிச் சக்கரத்தின் ‘டயர்’ ஆங்கில எழுத்தில் இதனோடு முற்றும் ஒத்தது. ஆடை அணிவிப்பதைக் குறிக்கும் ‘அட்டயர்’ என்னும் சொல்லின் குறுக்கமாக, சக்கரத்துக்கு அணிவிக்கப்படுவது என்னும் கருத்தில் அது தோன்றியது. சக்கரத்தின் டயர் தமிழ்த் தயிரிலிருந்து வந்தது என எவரும் வாதிடுவதில்லை. பொருள் முற்றிலும் வேறாதலால் மயக்கத்துக்கு இடமில்லை. பொருளும் தற்செயலாக ஒத்துவிடும்போதுதான் மயக்கம் நேர்கிறது. அடுத்த சொல் அத்தகையது.

4.3 கேஷ்

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல்லைக் ‘காசு’ என்பதன் திரிபாகக் கூறுவது மிகப் பரவலான கருத்து. ஒலி நெருக்கம், பொருள் நெருக்கம் இரண்டும் உள்ளன. ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல் தொடக்கத்தில் பணப்பெட்டியையும் குறித்தது. பிரெஞ்சின் ‘கேஸ்’, இத்தாலியின் ‘காசா’, இலத்தீனின் ‘காப்சா’ என அதன் வழி செல்கிறது. இவை அனைத்தும் பெட்டியைக் குறிப்பன. பின்செல்லுந்தோறும் அச்சொல் காசை விட்டு விலகிப் பெட்டியை நோக்கிச் செல்கிறது.

ஆயினும் ‘காசு’ ஆங்கிலத்தில் இல்லாமலில்லை. சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு ‘கேஷ்’ அகராதியில் தனிச்சொல்லாக உள்ளது. சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என வழங்கிய கணக்கில் இடம்பெற்ற நாணயம் அது. சீனாவின் துளையிட்ட செப்புக்காசுக்கும் ஐரோப்பியர் அப்பெயரையே இட்டனர். தமிழ்க் ‘காசு’ என்னும் வடிவிலிருந்தோ, தாம் கண்டறியாத கொங்கணி வடிவம் ஒன்றிலிருந்தோ போர்த்துக்கீசியர் ‘கைஷா’ என்பதை உருவாக்கினர் என்றும், அதன் பழைய வேர் வடமொழிக் ‘கர்ஷ’ என்றும் யூலும் பர்னலும் கருதினர். அவ்வேர் குறித்து மாறுபட இடமுண்டு. எனினும் தேடிக் கிடைக்காத வடிவத்தைக் கிடைக்கவில்லை என்றே எழுதியமை நாம் கைக்கொள்ளத்தக்க நெறி.

இரு சொற்களும் இடையில் சந்தித்துக்கொண்டன என்பதையும் மறுக்கவேண்டியதில்லை. போர்த்துக்கீசிய மொழியில் ‘கைஷா’ என்பதற்குப் பெட்டி என்னும் பொருள் முன்பே இருந்தது. தமிழ் நாணயத்தின் பெயர் அப்பழகிய வடிவத்துக்குள் அமர்ந்தது. ஆகவே சரியான கூற்று இதுவாகும்: ‘காசு’ ஆங்கிலத்தில் உண்டு, கடையில் நாம் செலுத்தும் ‘கேஷ்’ அதுவன்று.

5. சொல் நிலைத்துப் பொருள் மாறியவை

‘கட்டுமரம்’ ஐரோப்பியர் குறிப்பில் 1583-இலேயே காணப்படுகிறது. வெனிசு வணிகர் காஸ்பரோ பால்பி, ஏழு மரங்களைப் பிணைத்த அதன் அமைப்பை விளக்கிக் ‘கட்டமெரோனி’ என்னும் பெயரையும் தருகிறார். 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூல் அச்சொல்லை ஆங்கிலத்தில் தருகிறது. அதன்பின் பொருள் பலவாறு திரிந்தது. 1804-இல் பூலோன் துறைமுகத்திலிருந்த பிரெஞ்சுக் கப்பல்களைத் தாக்க ஆங்கிலேயர் விட்ட மிதவை வெடிகளுக்கு அப்பெயர். 19-ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகவும் அது நின்றது. 1876-இல் அமெரிக்கர் நத்தானியேல் ஹெரசாஃப் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடல் பாய்க்கலத்தைக் கட்டினார். இத்தகைய கலங்களுக்கே அப்பெயர் இன்று உரியதாகிவிட்டது.

தமிழ்க் கட்டுமரத்துக்கு இரட்டையுடல் இல்லை. சரியாகச் சொன்னால் கலவுடலே இல்லை. இரட்டையுடல் அமைப்பு பசிபிக் தீவினரின் கலங்களை ஒத்தது. ஆகவே இன்றைய ‘கேட்டமரான்’ என்பதில் சொல் தமிழுடையது, பொருள் வேறொரு மக்களின் கலைமரபைச் சார்ந்தது. பின்னர் மூன்று உடல் கொண்ட கலத்துக்கு ‘ட்ரைமரான்’ என்னும் சொல் ஆக்கப்பட்டபோது, ‘கட்டு + மரம்’ என்னும் பகுப்பு மறைந்து, ‘மரான்’ என்பது கலவுடலைக் குறிக்கும் உறுப்பாக நின்றது. ‘உலகப் பாய்க்கலங்கள் தமிழரின் கட்டுமரமே’ எனும் கூற்று, சொல்லின் வரலாற்றைப் பொருளின் வரலாறாக மயங்குவதன் விளைவு.

‘பரையா’ என்னும் சொல் இவ்வகையில் மேலும் கவனமாக அணுகத்தக்கது. பறையர் என்னும் சமூகப் பெயரிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாகச் சென்ற சொல் அது. 1516-ஆம் ஆண்டளவில் துவார்த்தே பார்போசாவின் குறிப்பில் அதன் முன்வடிவம் காணப்படுகிறது. ‘பறை’ என்னும் இசைக்கருவியோடு அப்பெயரை இணைப்பதே அகராதிகளின் பெரும்பான்மைக் கருத்து. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்னார்தென் த சென்–பியேர் எழுதிய ‘இந்தியக் குடிசை’, 1821-இல் காசிமீர் தெலவீஞ் இயற்றிய நாடகம் ஆகியவற்றின் வழியாக, எல்லோராலும் விலக்கப்பட்டவர் என்னும் பொருள் ஐரோப்பாவில் ஊன்றியது. அச்சமூகத்தைச் சாதிகளனைத்துக்கும் புறம்பானதாகக் கருதியது பிழையென யூலும் பர்னலும் குறித்திருந்தும், ஆங்கில வழக்கு மாறவில்லை. இன்றும் ஒதுக்கப்பட்ட நாடுகளைச் சுட்ட அச்சொல் தயக்கமின்றி ஆளப்படுகிறது.

தமிழின் உலகக் கொடை எனப் பெருமிதத்துடன் வாசிக்கப்படும் பட்டியல்களில் இச்சொல் மற்றவற்றோடு ஒன்றாக எண்ணப்படுவது வருந்தத்தக்கது. ஒரு மக்களின் பெயர் உலகமொழியில் இழிவின் பெயராக்கப்பட்ட வரலாறு அதனுள் அடங்கியுள்ளது. சொற்பிறப்பியல் எண்ணிக்கையோடு நின்றுவிடின் அவ்வரலாறு கண்ணில் படாது.

6. ஐயம் நீங்காதவை

எல்லாச் சொற்களும் இரண்டிலொரு பக்கம் தெளிவாகச் சேர்வதில்லை. உடலுழைப்பாளரைக் குறித்த ‘கூலி’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்க் ‘கூலி’யோடு இணைப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் தமிழில் கூலி என்பது ஊதியம். ஊதியம் பெறுபவர் கூலியாள், கூலிக்காரர். ஆங்கிலத்திலோ அது ஆளைக் குறிக்கிறது. குசராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து அது தோன்றியது எனப் பலர் கருதுவர். தமிழ்ச்சொல் அதன் பரவலுக்குத் துணைநின்றிருக்கலாம். இரு வழிகளையும் எடுத்துரைத்து, முடிவை நிறுத்திவைப்பதே இங்கு முறை.

‘கொடவுன்’ என்பது மலாய் ‘குடாங்’ வழியாக வந்தது. அம்மலாய்ச் சொல்லுக்குத் தமிழ்க் ‘கிடங்கு’ அல்லது தெலுங்குக் ‘கிட்டங்கி’ மூலமாகலாம் என்பர். பொருள்கள் கிடக்கும் இடம் கிடங்கு என்னும் விளக்கமும் பொருந்துகிறது. அக்கருத்து சரியாயின், அச்சொல் கடல்கடந்து சென்று ‘குடோன்’ என்னும் உருவில் தமிழ்க் கடைத்தெருவுக்கே மீண்டுவந்துள்ளது.

நெடுவழியில் சென்றும் சான்று குன்றாத சொல் ஒன்றையும் ஒப்பிடலாம். ‘ஜிஞ்சர்’ என்னும் இஞ்சியின் பெயர் பழைய ஆங்கிலத்தில் ‘கிஞ்சிஃபெர்’, இலத்தீனில் ‘சிஞ்சிபெர்’, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’, பாலியில் ‘சிங்கிவேர’. பின்செல்லுந்தோறும் ‘இஞ்சி’, ‘வேர்’ என்னும் திராவிட உறுப்புகள் துலங்குகின்றன. வடமொழி ‘சிருங்கவேர’ என்பது கொம்பு எனப் பொருள்படும் சொல்லால் அதனை விளக்கிக்கொண்ட வடிவம். மொழியியலாளர் பலர் இதனை ஏற்பதற்குக் காரணம், ஒவ்வொரு படியிலும் எழுத்துச் சான்று இருப்பதே.

7. பின்னோக்கிச் சென்றால் விலகும் சொற்கள்

மேற்கண்ட அளவுகோலைப் பட்டியல்களின் முதன்மைச் சொற்களுக்குப் பொருத்தலாம். ‘எய்ட்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘எயஹ்ட’, செருமானியத்தில் ‘ஆக்ட்’, இலத்தீனில் ‘ஒக்டோ’, வடமொழியில் ‘அஷ்ட’. இன்று ஒலிக்கப்பெறாமல் ஆங்கில எழுத்தில் மட்டும் நிற்கும் இரு எழுத்துகள் அம்மறைந்த மெய்யின் எச்சம். தமிழ் ‘எட்டு’ என்பதோ எண்பது, எண்ணூறு ஆகியவற்றில் ‘எண்’ என நிற்கிறது. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. ஒன்றன் அடியில் ககர இனமெய்யும் மற்றொன்றன் அடியில் ணகரமும் உள்ளன. இன்று அருகருகே நிற்கும் இவ்விரண்டும் மூலத்தை நோக்கிச் செல்லச் செல்ல எதிரெதிராகப் பிரிகின்றன.

‘ஒன்’ என எழுதி ‘வன்’ என ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘ஆன்’. இலத்தீன் ‘ஊனுஸ்’, செருமானிய ‘ஐன்ஸ்’ ஆகியவை அதன் உறவுகள். ‘அலோன்’, ‘ஒன்லி’ என்னும் சொற்களில் அப்பழைய உறுப்பு உள்ளது. முதலில் கேட்கும் வகரம் பிற்கால ஒலிப்பு. தமிழ் ‘ஒன்று’ என்பது ஒரு, ஓர், ஒற்றை, ஒருவர் எனக் கிளைக்கும் குடும்பத்தைச் சார்ந்தது. ‘க்ரை’ என்பது பழைய பிரெஞ்சு ‘க்ரியே’ வழியாக வந்தது. அதன் இத்தாலிய உறவு ‘கிரிதாரே’, இசுப்பானிய உறவு ‘கிரிதார்’, இலத்தீன் மூலம் ‘குவிரிதாரே’ என்பர். உறவுச்சொற்கள் காட்டும் தகரவினமெய், காக்கை கரைதலைச் சுட்டும் தமிழ்ச்சொல்லில் இல்லை.

ஒரு மறுப்பை இங்கு எதிர்கொள்ளவேண்டும். எழுத்துச் சான்றுக்கு எட்டாத தொல்பழங்காலத்தில் தமிழும் இந்தோ–ஐரோப்பிய மொழிகளும் ஒன்றாயிருந்திருக்கலாம். ஆதலின் சான்று கேட்பது முறையன்று என்பது அது. அத்தகைய தொல்லுறவு இருந்திருப்பின், அது இன்றைய வடிவங்களில் அன்றி மீட்டுருவாக்கப்பட்ட மூலவடிவங்களில் முறையான ஒலித்தொடர்பாக வெளிப்பட வேண்டும். எல்லிசு 1816-இலும் கால்டுவெல் 1856-இலும் தென்னிந்திய மொழிகளின் உறவை நிறுவியது இத்தகைய ஒப்பீட்டாலேயே. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) நிற்பதும் இந்நெறியின் மீதே. தமிழின் தனிக்குடும்பத் தகுதியை நமக்கு ஈட்டித்தந்த முறையியலை, ஆங்கிலச் சொற்களைப் பேசும்போது மட்டும் கைவிடுவது தன்முரண் ஆகும்.

8. முடிவுரை

ஆங்கிலத்தில் தமிழ்ச்சொல் என ஒன்றைக் கூறுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை தேடுதல் வேண்டும். அச்சொல்லின் மிகப் பழைய பதிவு எது? எந்த மொழியினர் வழியாக, எந்தத் தொடர்பில் அது சென்றது? ஒலிமாற்றங்களுக்கு விளக்கம் உண்டா? பொருள் மாறியிருப்பின் இடைப்படிகள் தெரிகின்றனவா? போட்டியாக நிற்கும் பிற விளக்கம் ஆராயப்பட்டதா? கணக்கப்பிள்ளை, அணைக்கட்டு, மிளகுதண்ணீர், தோப்பு ஆகிய சொற்கள் இவ்வினாக்களுக்கு ஈடுகொடுக்கின்றன. எட்டு, ஒன்று, கரை ஆகியவை முதல் வினாவிலேயே நின்றுவிடுகின்றன.

சொல் தன் பொருளைப் பெற்ற காரணம் பார்த்தவுடன் விளங்கிவிடாது என்பதைத் தொல்காப்பிய உரியியல் முன்பே உணர்த்தியுள்ளது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லின் வகையையும் வரவையும் பிரித்துக் காட்டியதும் அம்மரபே. அந்நிதானம் நமக்குப் புதிதன்று. தமிழ்த் துறைகளில் செய்யத்தக்க பணியும் உள்ளது. ‘ஹாப்சன்–ஜாப்சன்’ முதலிய தொகுப்புகளில் தமிழ் மூலம் குறிக்கப்பெற்ற பதிவுகளைத் தனியே திரட்டி, கோட்டைப் பதிவேடுகளோடும் மறைப்பணியாளர் கடிதங்களோடும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோடும் ஒப்புநோக்கி, ஒவ்வொரு சொல்லும் தமிழ் வாழ்வில் பெற்றிருந்த பொருளைச் சேர்த்தெழுத வேண்டும். அவ்வாறு தொகுக்கும் பட்டியல் இன்று வழங்குவதைவிடச் சிறியதாக இருக்கலாம். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எவர் சரிபார்ப்பினும் நிலைத்து நிற்கும்.